பரணில் கிடந்த நோட்டு

சென்ற ஆண்டு சத்தியமங்கலத்துப் பழைய வீட்டைக் காலிசெய்தபோது, பரணிலிருந்து நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்று விழுந்தது. மேலட்டையில் என் தம்பியின் கையெழுத்தில் 'பாட்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. பழைய தாள்காரருக்குப் போட எடுத்து வைத்த கட்டில் அதையும் சேர்த்தேன். பிறகு ஏனோ பிரித்துப் பார்த்தேன். அன்று பிற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தம்பி ஒரு ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். ரீசார்ஜில் கிடைத்தது வாடகைக்கே போதாது. சோறு போட்டது மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் வேலைதான். கார்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்து வருவதற்குள் ஒரு ஜி.பி. நிறைந்திருக்கும். சட்டப்படி பார்த்தால் அது திருட்டு. அந்நாளில் ஊருக்கு ஊர் இருந்த அந்தத் தொழிலை யாரும் அப்படி நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்ட பாட்டு அவனுடைய கணிப்பொறியில் இல்லையென்றால் கேட்டவர் சொன்னபடியே நோட்டில் குறித்துக்கொள்வான். இரவில் கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து இறக்குவான். கிடைத்துவிட்டால் ஒரு டிக். அதே பாட்டை வேறொருவர் வந்து கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. நான்கு கோடுகள் ஆனதும் குறுக்கே ஐந்தாவது.

இந்த வரைமுறையில் 2011-ம் ஆண்டின் பக்கங்களில் ஒரு வரி இருக்கிறது: 'கோயமுத்தூர் பையன் பாட்டு'. பெயர் இல்லை, படம் இல்லை. அதன் பக்கத்தில் ஐந்தைந்தாக வரிசை வரிசையாகக் கோடுகள். ஓரத்துச் சிவப்புக் கோட்டையும் தாண்டிப் போயிருந்தன.

அந்தப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி. 1990-ல் கோவையில் பிறந்தவர். பொறியியல் படித்தது எங்கள் ஊர்ப் பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியில். நண்பர் ஜீவாவுடன் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர்தான் ஹிப்ஹாப் தமிழா. 'கிளப்புல மப்புல' என்ற பாட்டு 2011-ல் யூடியூப் வழியாகப் பரவியது. ஏதோ ஒரு படத்தின் பாட்டு அல்ல அது. தயாரிப்பாளர் இல்லை, நாயகன் இல்லை, சுவரொட்டி இல்லை. சத்தியமங்கலத்தில் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டு வருகிறவர், திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மைசூருக்குப் போகிற லாரி ஓட்டுநர், கல்லூரி விடுதி மாணவர் என்று எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்தார்கள் என்று தம்பி சொல்வான். "ஏனுங்ணா, அந்தக் கோயமுத்தூர்ப் பையன் பாட்டு இருக்குதுங்ளா?"

நான் தமிழ் கற்பிப்பவன். கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே, "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று தம்பியைக் கேட்டேன். "நீங்க முழுசாக் கேட்டுப் பாத்தீங்ளாண்ணா?" என்றான். கேட்கவில்லை. கேட்காமலேயே எனக்குத் தெரிந்திருந்தது. குடித்துவிட்டு ஆடும் பெண்களைக் கண்டிக்கும் அந்தப் பாட்டின் தொனி எனக்கு இன்றும் உடன்பாடில்லாதது. பெண்களுக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பதாக அப்போதே பலர் அதைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியானது. ஆனால் நான் முகம் சுளித்ததற்குக் காரணம் அதுவல்ல. பேச்சையே பாட்டென்று விற்கிறார்கள் என்பதுதான் என் எரிச்சல். அதன்பின் சில மாதங்கள் தம்பி என்னிடம் கடையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. இந்தியாவில் வெளிவந்த முதல் தமிழ் ஹிப்-ஹாப் தொகுப்பு என்று அதைக் குறிப்பிடுவதுண்டு. முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1994-ல் 'காதலன்' படத்தில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய 'பேட்டை ராப்' இருந்தது. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவினர் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்து, இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை ராப்பாக மாற்றிக் காட்டியிருந்தார்கள். நோட்டில் அந்த ஆண்டின் பக்கங்கள் சற்றுக் குழப்பமானவை. தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். டிக் விழாத வரிகளே அதிகம். பாதி இறங்கி நின்றவற்றுக்கு எதிரே 'கரண்ட்' என்று எழுதியிருக்கிறான். ஆனாலும் ஒரு மாற்றம் தெரிகிறது. 'கோயமுத்தூர் பையன்' மறைந்து 'ஆதி' வந்துவிட்டது. 'ஆதி எல்லாப் பாட்டும்' என்று ஒரு வரி. அதற்கும் வரிசையாகக் கோடுகள்.

பாட்டுகளுக்குத் தரவரிசை போடும் பழக்கம் தமிழில் ஏன் வேரூன்றவில்லை என்று யோசித்ததுண்டு. இந்திக்கு 1952-லிருந்து இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலா இருந்தது. எந்தப் பாட்டு எந்த வாரம் எத்தனையாவது படியில் நின்றது என்பதை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் வடக்கே உண்டு. நமக்கு வாய்த்தவை தொலைக்காட்சியின் 'டாப் டென்'கள். அவற்றிலும் படங்களுக்குத்தான் இடம். படத்தில் இல்லாத பாட்டு நம் கணக்கில் ஏறுவதற்கு வழியே கிடையாது. 'பில்போர்டு' பத்திரிகை இந்தியாவுக்கென்று ஒரு பட்டியலைத் தொடங்கியதே 2022 பிப்ரவரியில்தான். ஆகவே 2011-க்கும் 2012-க்கும் இடையில் ஒரு கோவை ராப் பாடகன் எங்கள் ஊரில் எத்தனையாவது இடத்தில் இருந்தான் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு நோட்டுதான் சாட்சி. அதன்படி பல வாரங்கள் அவனுக்கு மேலே யாரும் இல்லை.

ஆனால் என்னை அந்தப் பிற்பகல் முழுவதும் உட்கார வைத்தது இந்த வெற்றியன்று. அதற்குப் பின் வந்த பக்கங்கள்தாம்.

2013-ல் 'எதிர்நீச்சல்' படத்தின் தலைப்புப் பாட்டில் அனிருத்தோடும் யோ யோ ஹனி சிங்கோடும் ஆதி பாடினார். நோட்டில் அது 'எதிர்நீச்சல் பாட்டு'. 2014-ல் 'கத்தி'யில் 'பக்கம் வந்து'. நோட்டில் அது 'விஜய் பாட்டு'. 2015-ல் 'ஆம்பள' மூலம் அவரே இசையமைப்பாளரானார். அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்'. ஒரே வருடத்தில் மூன்று படங்கள், மூன்றும் பேசப்பட்டவை. 'தனி ஒருவன்' பாட்டுகளுக்கு விழுந்த கோடுகள் 2012-ல் விழுந்தவற்றைவிடக் குறைவாக இருக்காது. ஆனால் 'ஆதி' என்ற சொல் எங்கும் இல்லை. 'தனி ஒருவன் - புல்', 'ஆம்பள - புல்', 'ஜெயம் ரவி கிரிக்கெட் பாட்டு'. கடைசியாகச் சொன்ன பாட்டைப் பாடியது ஒரு பெண் என்பதுகூடக் கேட்டவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

ஓர் ஆள் யாருமில்லாமல் வந்தபோது அவன் ஊரின் பெயரால் கேட்டார்கள். பிறகு அவன் பெயரால் கேட்டார்கள். அவன் உச்சத்துக்குப் போனபோது பெயர் தேவைப்படவில்லை. சினிமா யாரை விழுங்கினாலும் இப்படித்தான் விழுங்குகிறது. நாட்டுப்புறப் பாடகர்களுக்கும் கானா பாடகர்களுக்கும் இதுவே நடந்திருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. 'இன்னார் நான், இன்ன ஊர்க்காரன், இதைச் சொல்ல வந்திருக்கிறேன்' என்று தன்னை அறிவித்துக்கொள்வதே ராப்பின் அடிப்படை. அமெரிக்காவில் ஹூஸ்டனையும் அட்லாண்டாவையும் சேர்ந்த தெற்கத்திக்காரர்கள் இதற்காகவே சண்டை போட்டார்கள். 1995-ல் நியூயார்க்கில் நடந்த விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இருவர் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு எள்ளியது. தங்கள் ஊரை விட்டுக்கொடுக்காமல் பாடித்தான் அவர்கள் அந்தக் கூச்சலைக் கடந்தார்கள். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டால் ராப்பில் மிஞ்சுவது தாளம்தான்.

நோட்டைப் பார்த்த பிறகு பழைய பாட்டுகளை வரிசையாகக் கேட்டேன். பதின்மூன்று வருடம் தாமதமாக, தம்பி சொன்னபடி முழுதாக. தமிழில் வினைமுற்றுகள் ஒரேபோல முடிவதால் அடியின் கடைசியில் ஒலி ஒத்துவருவது, அதாவது இயைபு, மிக மலிவாகக் கிடைக்கும். ஆதி அந்த மலிவை நிறையவே பயன்படுத்துகிறார். ஆனால் அவ்வப்போது எதுகைக்குத் தாவி, வல்லெழுத்துகளைத் தாளத்தின் மீது சரியாக இறக்குமிடங்களில் வேறொன்று நிகழ்கிறது. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பாட்டுக்கும் மாறுவதைச் சிறுவயதில் விடிய விடியக் கேட்டிருக்கிறேன். பேச்சு பாட்டாகாது என்று எனக்கு யார் கற்பித்தார்கள்? ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டுகளில் கொங்குப் பேச்சு நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவான இளைஞர் தமிழ்தான் பெரும்பாலும். கோயமுத்தூர்ப் பையன் என்று கேட்டு வாங்கியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை போலும்.

பிற்பகுதியில் அவர் பெயர் ஒரே ஒருமுறை திரும்பி வருகிறது. சல்லிக்கட்டுக்காக அவர் தனியாகச் செய்த 'டக்கரு டக்கரு'. அதை 'ஆதி மாட்டுப் பாட்டு' என்று எழுதி வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் சல்லிக்கட்டு மண்ணல்ல. இங்கே காங்கேயம் காளை, பர்கூர் மாடு, ரேக்ளா வண்டி. இருந்தும் 2017 சனவரியில் மெரினாவில் கூடியதுபோலவே கோவை வ.உ.சி. மைதானத்திலும் கூட்டம் கூடியபோது அந்தப் பாட்டுத்தான் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒலித்தது. போராட்டத்தின் கடைசி நாள்களில் அதன் போக்கு தனக்கு ஒப்பவில்லை என்று சொல்லி அவர் விலகிக்கொண்டதும், அதற்காகக் கடும் வசைகளை வாங்கிக்கொண்டதும் தெரிந்தவை. அவர் சொன்னது சரியா தவறா என்பதில் எனக்குத் தெளிவில்லை. ஆனால் ஒரு பாடகனிடம் 'நீ எங்களுக்காகப் பேச வேண்டும்' என்று இத்தனை பேர் உரிமையோடு சண்டையிட்டது, அவனை இன்னும் பெயர் சொல்லி அழைத்ததால்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு நோட்டில் பதினோரு பக்கங்கள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் மூன்றே வரிகள். எல்லோருக்கும் கையிலேயே பாட்டு கிடைத்தபோது யார் வந்து கார்டு கொடுப்பார்கள்? தம்பி கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போனான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

ஆதியின் பிற்காலக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். 2017-ல் தன் வாழ்க்கையையே தழுவி 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். தனிப்பாட்டாகப் பிரபலமாகியிருந்த 'வாடி புள்ள வாடி' அதில் இடம்பெற்றது. என் மாணவர்களுக்கு இன்று அது 'மீசைய முறுக்கு' பாட்டு. பிறகு 'நட்பே துணை', 'நான் சிரித்தால்' என்று நாயகனாகப் பல படங்கள். தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பற்றி 'தமிழி' என்றொரு ஆவணத் தொடரை உருவாக்கினார். என் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2020-ல் 'நான் ஒரு ஏலியன்' என்று மறுபடியும் தனித் தொகுப்புக்குத் திரும்பினார். படங்களைவிட அந்தத் திரும்புதல்தான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

கோவையோடு தொடர்புள்ள இன்னொரு ராப் பாடகரும் நினைவுக்கு வருகிறார். ஹனுமன்கைண்ட் கேரளத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் படித்தவர். 2024-ல் அவரது 'பிக் டாக்ஸ்' அமெரிக்கப் பில்போர்டின் நூறு பாட்டுப் பட்டியலில் 23-ம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டு ஆங்கிலம். அதன் இடத்தை உலகமே எண்ணால் அறியும். எங்கள் ஊர்க் கல்லூரியில் படித்தவரின் இடம் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பேனாக் கோடுகளாக ஒரு பரணில் கிடந்தது.

நோட்டில் இன்னொரு வரியும் இருந்தது. 2012-ல், மின்வெட்டுப் பக்கங்களுக்கு நடுவே: 'அண்ணன் கார்டு - ஆதி எல்லாப் பாட்டும்'. எதிரே டிக். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. அப்போது என் கைப்பேசியில் சம்பந்தமில்லாத பாட்டுகள் இருப்பதைக் கண்டு, ஏதோ பிழை என்று எண்ணி, மொத்தமாக அழித்தது நினைவுக்கு வந்தது. இரவில் மின்சாரம் வந்துபோன இடைவெளிகளில் உட்கார்ந்து இறக்கியிருப்பான்.

திருப்பூருக்குப் போன் செய்து நோட்டு கிடைத்ததைச் சொன்னேன். சிரித்தான். அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"நீங்க அழிச்சது அப்பவே தெரியும்ணா" என்றான். "அடுத்த தடவ கார்டக் குடுத்தீங்கள்ல, அதுல இடம் காலியா இருந்துச்சுங்."