எத்தனையாவது வளைவு?

பைல் நாட்டில் உட்கார்ந்து கம்பைல் செய்கிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்களை நாடு நாடாகத்தான் சொல்வோம். கணினி ஃபைலுக்கும் எங்கள் பைலுக்கும் உறவில்லை.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தம்பிக்குக் கிடைத்த பெட்டிதான் என்னிடம் இருப்பது. அதில் இப்போது டெபியன் ஓடுகிறது. மழை நாளொன்றில் ஓர் ஆவணச் செயலியை மூலநிரலிலிருந்து கட்டினேன். தமிழ்க் கோப்பைத் திறந்ததும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் போட்டு, விழுந்த இடம்வரை வந்த வழியைக் காட்டும் பேக்ட்ரேஸ் கேட்டேன். வரிக்கு வரி ஒரு நீள எண், பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. அப்படியே செயலியை எழுதியவருக்கு அனுப்பினேன். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான்.

அந்த வாரமே நான் வந்த பஸ் மலையேறும்போது நின்றுபோனது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. கண்டக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நாப்பத்தொண்ணுல நிக்கிறோம்ணே, கியர் விழல." கீழேயிருந்து மெக்கானிக் நேராக வந்து சேர்ந்தார். 'மலையில் எங்கேயோ நிற்கிறோம்' என்று சொல்லியிருந்தால்? நான் அனுப்பியது அப்படிப்பட்ட கடிதம்.

பலகை இல்லாவிட்டாலும் பஸ் ஓடும். நிரலும் அப்படித்தான். எந்த வரி எந்த முகவரியாக மாறியது என்ற கணக்கை, மைனஸ் ஜி என்று கேட்டால்தான் ஜிசிசி கம்பைலர் எழுதி வைக்கும். மிஞ்சியிருக்கும் சார்புப் பெயர்களையும் ஸ்டிரிப் என்ற கட்டளை சுரண்டிவிடும். இந்தக் கணக்கால் வேகம் குறையும் என்று நானும் நம்பியிருந்தேன். தப்பு. நிரல் சாதாரணமாக ஓடும்போது அது நினைவகத்தில் ஏறுவதே இல்லை. வட்டில்தான் இடத்தை அடைக்கும், அதுவும் தாராளமாக. மைனஸ் ஓ2 மேம்படுத்தலோடு சேர்த்துக் கட்டினால் சில மாறிகளின் மதிப்பு தெரியாமல் போகலாம். போகட்டும், வரி எண் கிடைக்கும்.

மைனஸ் ஜி போட்டு, ஸ்டிரிப் செய்யாமல் மறுபடி கட்டினேன். பாதிக் கேள்விக்குறிகள் போயின, மீதி நூலகங்களுடையவை. டெபியன் அவற்றின் விவரங்களைத் தனிப் பொதிகளாக வைத்திருக்கிறது. டீபக்இன்ஃபோடி என்ற சேவை இருந்தால் தேவையானதை மட்டும் ஜிடிபியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். எங்கள் மலை சிக்னலுக்கு அதுவும் ஒரு ராத்திரி வேலை.

இந்த முறை பேக்ட்ரேஸில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் இருந்தன. இரண்டாம் நாள் திருத்தம் வந்துவிட்டது. கட்டும்போதே மைனஸ் ஜி போட்டுவிடுங்கள். இடம் போதவில்லையென்றால் பிறகு ஸ்டிரிப் செய்துகொள்ளலாம்.