உறையில் பெயர் இல்லாத மருந்து

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, தெளிவாகத் தெரிய வேண்டிய கண்ணில் இருந்த பார்வையும் போய்விட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு விடும் ப்ரெட்னிசொலோன் துளிமருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. குஜராத்தில் உள்ள இண்டியானா ஒப்தால்மிக்ஸ் என்ற கம்பனி தயாரித்த மருந்து அது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் அதே மருந்து விட்டவர்களுக்குக் கண்ணில் கிருமித் தொற்று. சுகாதார அமைச்சு அந்த மருந்தைப் பாவனையிலிருந்து நீக்கியது, இந்தியாவும் விசாரணை தொடங்கியது.

செய்தி கொஞ்ச நாள் ஓடியது. பிறகு போலி இம்யூனோகுளோபியூலின் ஊசி விவகாரம் வந்தது. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். துளிமருந்தை எல்லாரும் மறந்தாச்சு.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி நின்றுவிட்டது. இது எப்படிப் பிடிபட்டது? ஒரே வைத்தியசாலை, ஒரே மாதம், ஒரே மாதிரிச் சத்திரசிகிச்சை, ஒரே மருந்து. ஒருவருக்குப் பின் ஒருவராகக் கண் சிவந்து திரும்பி வரும்போது எந்த டொக்டருக்கும் சந்தேகம் வரும். அதே போத்தல்கள் பத்துத் தோட்டத்துக்குப் பிரிந்து போய், தோட்டத்துக்கு ஒருவருக்கு மட்டும் கண் போயிருந்தால்? "வயசான கண்ணுதானே" என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

அதே வருஷம் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கண் போனவர்கள் ஓரிடத்தில் இல்லை, 18 மாநிலங்களில் சிதறி இருந்தார்கள். ஆனால் அவர்களிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். பிறகு ஒவ்வொருவரிடமும் "என்னென்ன மருந்து விட்டீர்கள்?" என்று கேட்டார்கள். பல பெயர்கள் வந்தன. அதில் அதிகமாக வந்தது எஸ்ரிகேர் என்ற செயற்கைக் கண்ணீர். தயாரித்தது எங்கே தெரியுமா, சென்னைக்குப் பக்கத்தில், குளோபல் பார்மா என்ற கம்பனி. பெப்ரவரியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். மே மாதக் கணக்கில் 81 நோயாளிகள், 14 பேருக்குப் பார்வை இழப்பு, 4 மரணம்.

இந்த வேலைக்கு ஒரு துறையே இருக்கிறது. பார்மகோ எபிடெமியோலஜி என்று பல்லை உடைக்கிற பெயர். நான் ஆர்ட்ஸ் பெக்கல்டி, ஆனாலும் அதன் அடிப்படை விளங்குவதற்கு ஓ/எல்லில் படித்த பின்னமே போதும். மேலே தொகுதி எண்: மருந்து எடுத்துத் தீங்கு வந்தவர்கள். கீழே பகுதி எண்: அந்த மருந்தை எடுத்த எல்லாரும். பத்துப் பேருக்குத் தீங்கு என்றால், அது நூறில் பத்தா, லட்சத்தில் பத்தா? மருந்தே எடுக்காதவர்களில் எத்தனை பேருக்கு அது வருகிறது? அதையும் ஒப்பிட்டால்தான் பழி மருந்தின் மேலா, விதியின் மேலா என்று சொல்லலாம். இப்போது மேல்நாடுகளில் கோடிக்கணக்கான நோயாளிகளின் கணினிப் பதிவுகளை வைத்தே இதைப் பார்க்கிறார்கள். ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் உலக நாடுகள் அனுப்பும் பக்கவிளைவு முறைப்பாடுகளைச் சேர்த்து வைக்கிறார்கள், 30 மில்லியனுக்கும் மேல். இலங்கையும் அதில் உறுப்பு நாடு.

சரி, எங்கள் லயத்திலிருந்து அங்கே ஒன்றாவது போயிருக்குமா?

என் அம்மாயி பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். கிளினிக்கில் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். உறையில் காலைக்கு ஒரு கோடு, ராவைக்கு ஒரு கோடு. மருந்தின் பெயர் இல்லை, தொகுதி இலக்கம் என்ற பேச்சே இல்லை. அம்மாயிக்கு அவை 'வெள்ளக் குளிசை', 'செவப்புக் குளிசை', 'பாதியா ஒடைக்கிறது'. போன வருஷம் ஒரு புதுக் குளிசை தொடங்கி, கொஞ்ச நாளில் ரெண்டு காலும் வீங்கிவிட்டது. அவரே அதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா "குளிருக்கு அப்பிடித்தான் ஆத்தா, நல்லெண்ணெ தேயிங்க" என்றார். கிளினிக்கில் சொன்னீர்களா என்று கேட்டேன். "நமக்கு அவங்க பாஷ வராதும்மா. துண்டக் காட்டுனா மருந்து குடுப்பாங்க, வாங்கிட்டு வந்துருவேன்."

கொப்பியில் இங்கிலிஷில் கிறுக்கியிருந்ததை எழுத்துக்கூட்டித் தேடினேன். அம்லோடிபின். கால் வீக்கம் அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவு. டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லாவிட்டால் வேறு மருந்து தருவார். அம்மாயியோ மருந்தே இல்லாமல், ஏறின பிரஷரோடு இருந்திருக்கிறார். எந்தப் பதிவிலும் இது இல்லை. மருந்தை நிறுத்தியதும் இல்லை, வீங்கிய காலும் இல்லை.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். தமிழ் அரசகரும மொழியாகி 1987ஓடு எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தோட்ட டிஸ்பென்சரிகள் இன்னும் முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வரவில்லை. கிளினிக்குக்குக் கூடப் போனால் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது. இந்த நிலையில் "நோயாளிகள் முன்வந்து முறையிட வேண்டும்" என்பது யாருக்குச் சொல்லும் புத்திமதி? நான் கேட்பது பெரிய கணினியெல்லாம் இல்லை. உறையில் மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், தொகுதி இலக்கத்தைப் போடுங்கள். "புது மருந்துக்குப் பிறகு ஏதாவது செய்ததா?" என்று தமிழில் கேட்க ஒரு ஆளை வையுங்கள். பின்னத்தின் மேல் பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த லீவில் நானும் தங்கச்சியும் வீட்டிலிருந்த எல்லா உறையிலும் மார்க்கரால் பெயர் எழுதினோம். ஒரு உறையில் இருந்த குளிசை என்னவென்று கொப்பியிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடுத்த கிளினிக்குக்கு அம்மாயியோடு நான் போவதாக இருக்கிறேன். மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் உறைகளைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள்.