பிள்ளைகளுக்காக ஓர் ஊர்

ஒரு சம்பந்தம் பேசுவதற்கு நம் குடும்பங்களில் எத்தனை விசாரணை நடக்கிறது! ஊர், தெரு, உறவு, தொழில் என்று ஒன்று விடாமல் கேட்டுத் தெரிந்து கொள்கிறோம். ஆனால், பிள்ளைகள் பதினைந்து ஆண்டுகள் வளரப்போகும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டே கேள்விகளோடு முடித்துவிடுகிறோம். வாடகை எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? அளவான வருவாயில் நடக்கும் குடும்பம் இவ்விரண்டையும் கேட்காமல் இருக்க இயலாது. ஆயினும், இவற்றுக்குப் பின்னால் வேறு சில கேள்விகளும் நிற்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரை ஒரு முறை சுற்றி வந்தால் அவை தாமாகவே விளங்கும்.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறுவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது இத்தடத்தின் வழியாகத்தான். பெரம்பூரைக் கடந்து வில்லிவாக்கம் வந்ததும், தெற்கே இருப்பது அண்ணா நகர். 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த நிலம் அது. அப்போது எழுப்பிய கோபுரம் இன்றும் பூங்காவின் நடுவே நிற்கிறது. அகலமான தெருக்கள், மர நிழல், பெயர் பெற்ற பள்ளிகள், மருத்துவமனைகள் என எல்லாம் அங்கே உண்டு. “பிள்ளைகளுக்காக அண்ணா நகரில் ஒரு வீடு” என்று ஆசைப்படாத பெற்றோர் குறைவு. வாடகையைக் கேட்டதும் திரும்பி வராதவர்களும் குறைவு.

ஆனால், அண்ணா நகரை அடுத்த வில்லிவாக்கம், அரும்பாக்கம், முகப்பேர் ஆகிய பகுதிகளின் வரலாறு நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது. 1977இல் உலக வங்கியின் உதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வீடு கட்டித் தருவதற்குப் பதிலாகச் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு மனைகளைப் பிரித்துத் தருவது அதன் முறை. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தில் எளியோருக்குச் சிறு மனைகளைக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம் பகுதிகளில் முதலிலும், முகப்பேரில் பின்னரும் இது நடந்தது. அதனால் வசதியுள்ளவரின் மாடி வீடும் தொழிலாளியின் சிறு வீடும் ஒரே பகுதியில் அமைந்தன. இன்றும் அங்கே பெரிய தெருவை ஒட்டிய குறுகிய தெருக்களில் அளவான வாடகைக்குச் சிறு வீடுகள் கிடைக்கின்றன. தேடுகிறவர் பெரிய தெருவோடு நின்றுவிடலாகாது.

வசதியான இடத்தில் வளர்வதால் மட்டும் பிள்ளைகள் முன்னேறிவிடுவார்களா என்று கேட்கலாம். இக்கேள்வியை அமெரிக்கர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களுள் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி அளித்தார்கள். புது தில்லியில் பிறந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் அந்தப் பிள்ளைகளின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். பதின்மூன்று வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுப்பகுதியில், மாறாதவர்களைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தனர். பதின்மூன்று வயதுக்குப் பின் மாறியவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. பழகிய தோழர்களைப் பிரிந்ததுதான் மிச்சம்.

2022இல் அதே அறிஞர் குழு இன்னொன்றையும் கண்டறிந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நட்பு அமையும் ஊர்களில், அவர்களின் முன்னேற்றமும் கூடுதலாக இருந்தது. ஆக, ஊரில் பணம் இருப்பது மட்டும் போதாது. அந்த ஊரில் நம் பிள்ளை யாரோடு விளையாடுகிறான், யாரோடு சேர்ந்து படிக்கிறாள் என்பதே முக்கியம். நல்ல தெருவில் வீடெடுத்துவிட்டுப் பிள்ளையை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்தால், கொடுத்த வாடகை வீண்தான்.

ரயில் கொரட்டூரைத் தாண்டி அம்பத்தூரை நெருங்குகிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை இங்கே தொடங்கியது. 1964இல் அமைந்த தொழிற்பேட்டை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. லேத் பட்டறையிலோ அச்சகத்திலோ வேலை பார்க்கும் தந்தைக்கு, தொழிற்பேட்டையிலிருந்து மிதிவண்டித் தொலைவில் வீடு அமைவது பெரும் பேறு. பயணத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமானால், அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தருகே தந்தை உட்கார்ந்திருப்பார். வாடகைக் கணக்கைப் போடும்போது இதை வரவாக எழுத நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே மறவாமல் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்லும். அவ்வழியை மறித்து வீடுகள் எழுந்த இடங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டையே வெள்ளத்தில் மூழ்கியது. வாடகை மலிவாக இருக்கிறதே என்று மகிழுமுன், அத்தெருவில் நெடுநாள் குடியிருக்கும் மூதாட்டி ஒருவரிடம் “அந்த மழைக்கு இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வந்ததம்மா?” என்று கேட்டுவிடுவது நல்லது. தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

அடுத்து ஆவடி. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றிய ஊர். 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே வளர்ந்தது. பாரதத்தின் பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகக் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் பல உள்ளன. 2019இல் ஆவடி மாநகராட்சியானது. 2024இல் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பல மொழி பேசும் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்வதும் ஒரு கல்விதான். மின்சார ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய் என்பதால், ஆவடியில் வாழும் குடும்பம் நகரத்தின் நூலகத்தையும் கல்லூரியையும் இழந்துவிடுவதில்லை.

தெற்கே இறங்கினால் பூவிருந்தவல்லி. இன்று பூந்தமல்லி என்றால்தான் பலருக்கும் தெரியும். கோல்கொண்டா குத்புஷாகிகளின் காலமான 17ஆம் நூற்றாண்டில் எழுந்த பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. வைணவ அடியார் திருக்கச்சி நம்பி பிறந்த ஊரும் இதுவே. பல சமயத்தார் நெடுங்காலமாக அண்டை அயலாராய் வாழ்ந்து பழகிய ஊர் என்பதற்கு இவையே சான்று. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் 26 கிலோமீட்டர் மெட்ரோ தடம், மெட்ரோ இரண்டாம் கட்டத் திட்டத்தின் ஓர் அங்கம். இப்படிப்பட்ட வசதி வரும் இடத்தில் வாடகையும் ஏறும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனிச் சட்டம் தரும் சில வாய்ப்புகளைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் நலிந்த பிரிவினர் என்றும், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்கே முன்னுரிமை என்றும் தமிழகத்தில் வரையறுத்தனர். அதாவது, வீட்டு முகவரியே பள்ளியைத் தீர்மானிக்கிறது! சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விண்ணப்பிக்குமுன் அதையும் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளி அருகில் இருந்தால் அதைத் தாழ்வாக எண்ணற்க. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. முன்பணம் பற்றியும் ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரரிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

இவ்வளவையும் பார்த்தபின் ஓர் எல்லைக்கோடும் வேண்டும். வாடகை கொடுத்தபின் பிள்ளையின் பாலுக்கும், தாயின் மருந்துக்கும், எதிர்பாராத செலவுக்கும் பணம் மிஞ்சவில்லையானால், அந்த ஊர் எவ்வளவு சிறந்ததாயினும் நமக்கு ஏற்றதன்று. கடனில் வாழும் வீட்டின் பதற்றம் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விலையுயர்ந்த மிதிவண்டியைப் பார்த்து நம் பிள்ளை ஏங்கும்போது, “நமக்கு இவ்வளவுதான் மகனே, இதிலும் நாம் நன்றாக வாழலாம்” என்று கூச்சமின்றிச் சொல்லும் துணிவும் பெற்றோருக்கு வேண்டும். அது இல்லாதவர்கள் செல்வர்கள் நடுவே குடியேறினால் மன அமைதியை இழப்பார்கள்.

ஆகவே, வீட்டைப் பார்க்கச் செல்பவர்கள் மூன்று முறை செல்லுங்கள். பள்ளிவிடும் மாலை நேரத்தில் ஒரு முறை: பிள்ளைகள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று பாருங்கள். இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு முறை: தெருவில் வெளிச்சம் இருக்கிறதா, நம் பெண்பிள்ளைகள் அச்சமின்றி நடக்கலாமா என்று பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை: தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். பிள்ளை சிறுவயதாக இருக்கும்போதே இந்த முடிவை எடுங்கள். முன்பணத்தை இன்னொரு நாள் சேர்த்துக் கொள்ளலாம். கடந்துபோன பிள்ளைப் பருவத்தை அப்படிச் சேர்க்க முடியாது.