பெரட்டு, பிரட்டு, நடுவில் ஒரு புள்ளி

பேராதனையில் கலைப்பீடத்துப் பிள்ளைகள் டெர்மினலைத் திறந்து வைத்திருந்தால் ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். "ஹெக்கிங்கா பண்றீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. நாங்கள் பண்ணுவது அதைவிடச் சின்ன வேலை. தோட்டத்து அம்மாயிமார் சொன்ன ஒரு சொல்லைத் தேடுகிறோம்.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கம் வயதானவர்கள் பேசியதைப் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எழுதுகிறோம். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த மலைகளில் காலையில் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்பினார்கள் என்பதை அம்மாயிமார்தான் சொல்லவேண்டும். ஆளுக்கு ஒரு பைல், இதுவரை 23 பைல். எல்லாம் வெறும் டெக்ஸ்ட் பைல், யூனிகோட்.

ஏன் வெறும் டெக்ஸ்ட்? பாமினியில் அடித்த பழைய பைல் ஒன்றை எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போட்டது தமிழ் வேஷம். அதில் தமிழாகத் தேட முடியாது.

தேடுவதற்கு கிரெப் என்ற கட்டளை. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் 23 பைலையும் ஒரு நொடியில் புரட்டி, எந்தப் பைல், எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். ஆனால் எங்கள் டெர்மினலில் தமிழ் ஒழுங்காய்த் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கண்டுபிடிக்கத் தெரிந்த இடத்துக்குக் காட்டத் தெரியாது! வாசிக்க வேறு ஜன்னல் வேண்டும். அதுதான் ஜிஎடிட்.

டெர்மினலிலேயே ஜிஎடிட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, பைலின் பெயரைக் கொடுத்தால் ஜன்னல் திறக்கும். பெயருக்கு முன்னால் +212 என்று போட்டால் நேரே 212ஆவது வரியில் போய் நிற்கும். எங்களுக்கு இந்தக் கூட்டல் குறிதான் பெரிய உதவி. கடைசியில் & போடுங்கள். போடாவிட்டால் ஜிஎடிட்டை மூடும்வரைக்கும் டெர்மினல் உங்களோடு பேசாது. ஜிஎடிட் ஏற்கெனவே திறந்திருந்தால் புதிய பைல் அதிலேயே இன்னொரு டாப்பாக வந்துவிடும். டெர்மினலில் இடைக்கிடை 'வார்னிங்' என்று ஏதாவது புலம்பும், பெரும்பாலும் கவனிக்கத் தேவையில்லை. 2022இல் வந்த உபுண்டு 22.10இலிருந்து ஜிஎடிட்டுக்குப் பதில் க்னோம் டெக்ஸ்ட் எடிட்டர்தான் கூடவே வருகிறது. ஜிஎடிட் வேண்டுமென்றால் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் லெப்டொப்பின் வயதுக்கு 22.04 போதும்.

இப்போது சண்டைக்கு வருவோம். சில அம்மாயிமார் 'பெரட்டு' என்கிறார்கள், சிலர் 'பிரட்டு'. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற அந்த நேரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிநேகிதி, "ஒரே மாதிரி எழுதினால்தானே தேடேலும்?" என்றாள். நியாயமான கேள்விதான். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தன் விடவில்லை. "எங்க அம்மாயி சொன்னத நீங்க திருத்துவீங்களா?" என்றான்.

தீர்த்து வைத்தது ஒரு புள்ளி. கிரெப்பில் புள்ளி வைத்தால் 'இந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து' என்று அர்த்தம். யூனிகோடில் 'பெ' என்பது ப-வும் கொம்பும், 'பி' என்பது ப-வும் விசிறியும். ஆகவே 'ப.ரட்டு' என்று தேடினால் இரண்டும் வரும். ஒருவர் வாயையும் திருத்தத் தேவையில்லை. 'தோசையைப் புரட்டு' என்கிற புரட்டும் சேர்ந்து மாட்டுப்படும், அதைச் சிரித்துவிட்டு விடுகிறோம். அன்றிலிருந்து சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது என்று ஒத்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் புள்ளி தீர்க்காது. 'துண்ட' என்று தேடினோம். தலையில் போட்ட துண்டு, ரொட்டித் துண்டு என்று வரிசையாக வந்தன. தோட்டத்தில் இன்னொரு துண்டும் இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதிக் கொடுத்த துண்டு. அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எந்தத் துண்டு எது என்று மெஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாக ஜிஎடிட்டில் திறந்து, மேலே பத்து வரி, கீழே பத்து வரி வாசித்துத்தான் பிரித்தோம்.

ஒரே ஒரு இடத்தில், பேச்சுக்கு நடுவில், ஒரு அம்மாயி சொல்லியிருக்கிறார்: தாத்தாவுக்குத் துண்டு கெடைக்கல, அதான் இங்கயே நின்டுட்டாரு. அடுத்த வரியில் கொழுந்து விலைக்குப் போய்விட்டார். நாங்களும் அன்றைக்கு மேலே கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டை பஸ் எடுக்கிறோம்.