பின்கண்ணாடி

கொளத்தூர் கடைகளில் மீன் தொட்டியோடு, பின்னால் ஒட்டப் பவளப்பாறைப் படமும் விற்கிறார்கள். நன்னீர் மீனுக்குக் கடல் பின்னணி. நம் சரித்திர நாவல்களில் பழகிய விஷயம்தான். எனக்கு ஒவ்வவில்லை. அம்பத்தூர் வீட்டுத் தொட்டியின் பின்கண்ணாடியில், வெளிப்புறமாக, கறுப்பு அக்ரிலிக் பூசினேன். உள்ளே பூசினால் உரிந்து தண்ணீரில் கலந்துவிடும்.

துணியில் தீட்டும்போது கடைசித் தீற்றல்தான் கண்ணில் படுகிறது. முந்தியவை அதனடியில் மறைந்துபோகின்றன. கண்ணாடியில் இது தலைகீழ். முதல் பூச்சே பார்ப்பவன் முன் நிற்கிறது. அதன்மேல் எத்தனை பூசினாலும் வெளிச்சத்தைத் தடுக்கலாமே தவிர, முதல் பூச்சில் சிக்கிய தூசியை எடுக்க முடியாது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள்: கோடும் கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில், எல்லாம் இடவலம் மாறி. வங்கியில் ஒரு காலத்தில் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்தது. அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. (எட்டுப் பிரதி எழுதியே கவிதையைக் கொன்றவர்களை அறிவேன். பெயர் வேண்டாம்.)

சிவப்பு ஃபைட்டர் இப்போது தணல் மாதிரி தெரிகிறது. வருகிற நண்பர்கள் ‘ஆழம்’ என்கிறார்கள். ஆழமெல்லாம் வெளியே நிற்கிற நமக்கு. மீனுக்கோ, பின்னால் கறுப்பு வந்ததும் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. செவுள் மூடியை விரித்துக்கொண்டு தன் பிம்பத்தோடு சண்டைக்கு நிற்கிறது. இரவில் தொட்டி விளக்கை அணைத்தால்தான் ஓய்கிறது. அப்போது எனக்கு மீன் தெரிவதில்லை.

சுரண்டுவதற்கு பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் உறையைப் பிரிக்கவில்லை.