சிங்கப்பூருக்குக் கோம்பை நாயா?

அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தன் கோம்பை நாயையும் கூட்டிப் போகணும் என்கிறான். செவலை உடம்பு, கரிய மூஞ்சி. கேட் சத்தம் கேட்டாலே முதுகு மயிர் சிலிர்த்து நிற்பான். வேட்டைக்கும் காவலுக்கும் நம் மலையடிவாரத்தில் உருவான இனம்.

முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, சான்றிதழ், அங்கே இறங்கியதும் தனிமைக் கூடம். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். வீடுதான் சிக்கல். அங்கே பெரும்பாலோர் குடியிருக்கும் எச்டிபி எனும் அரசு வீட்டு வாரிய அடுக்ககங்களில், பொதுவாக அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இன நாய்களைத்தான் வளர்க்கலாம். கோம்பை அதில் இல்லை.

மாப்ள, அவனை நம்ம தோட்டத்திலேயே விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்.

நாயோடு வெளிநாடு கிளம்புகிறவர்களே, டிக்கெட் எடுக்கும் முன்னால் அங்குள்ள வீட்டு விதிகளைப் படியுங்கள்.