வீடு இருக்கா, இல்லையா?

அஞ்சே நிமிஷத்துல வீட்டை விட்டுக் கிளம்பணும்னா எதை எடுப்பீங்க? 'பாஸ்போர்ட், லேப்டாப்'னு டக்குனு சொல்லிடுவீங்க. நானும் அதைத்தான் எடுத்தேன். கூடவே, அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலையும். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை!

2025 ஜனவரி 7, ராத்திரி. கலிஃபோர்னியாவில் அல்டடீனா. எம்.எஸ். படிக்கப் போன எனக்கு அங்கே ஒரு வாடகை ரூம். ஈட்டன் கேன்யன் பக்கம் பிடிச்ச காட்டுத் தீயை சான்டா ஆனா காத்து அப்படியே ஊருக்குள்ளே விரட்டிட்டு வந்தது. பறந்து வந்த தீப்பொறிகள் தெருத் தெருவாப் பத்தவெச்சது.

நான் தீயைப் பார்த்தது என்னவோ பத்து நிமிஷம்தான். ஆனா, அதுக்கப்புறம் ஃப்ரெண்ட் ரூம்ல பாய் விரிச்சுப் படுத்த நாட்கள் இருக்கே... வீடு இருக்குன்னா சந்தோஷப்படலாம், இல்லேன்னா அழுது தீர்க்கலாம். எதுவுமே தெரியலைன்னா? செல்லுல மேப்பைப் பார்ப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். 9-ம் தேதி சாயங்காலம் செல்போன் அலறுச்சு. வெளியேறத் தயாரா இருக்கச் சொல்லி, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்குத் தவறுதலாப் போன எச்சரிக்கை அது. திருத்தம் உடனே வந்துடுச்சு. என் கை நடுக்கம்தான் நிக்கலை.

அம்மாகிட்ட 'வீடு பத்திரமா இருக்கு'ன்னு புளுகிட்டேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவைதான் செல்லைப் பார்க்கணும்னு சட்டம் போட்டேன். அரை நாள்கூடத் தாங்கலை. கடைசியில, பாசடீனா கன்வென்ஷன் சென்டர் முகாமுக்குத் துணி பிரிச்சு அடுக்கப் போனேன். கைக்கு வேலை கிடைச்சதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கே ஒரு பாட்டி, "உன் வீடு?"ன்னு கேட்டாங்க. "தெரியலை"ன்னேன். "எனக்கும்தான்"னாங்க. அவ்வளவுதான். 'எல்லாம் சரியாயிடும்'னு சொல்லாத முதல் ஆள் அவங்கதான். குவிஞ்சு கிடந்த ஸ்வெட்டர்களுக்கு நடுவுல உட்கார்ந்து அழுதுட்டேன்.

அந்தத் தீயில 9,000-க்கும் மேல கட்டடங்கள் போச்சு. 19 பேர் இறந்தாங்க. நான் இருந்த வீடு தப்பிச்சது, எதிர் வரிசை மொத்தமும் சாம்பல். உள்ளே போனா ஜன்னல் ஓரமெல்லாம் கரி. குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு அறிவிப்பு வேற. சந்தோஷமா இருக்கவே வெட்கமா இருந்தது. எதிர் வீட்டுக்காரரைப் பார்த்தா என்ன பேசறதுன்னு தெரியாம, பல நாள் பின்பக்கத் தெரு வழியாவே போய் வந்தேன்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, "அப்போ பொய் சொல்லிட்டேம்மா"ன்னேன்.

"தெரியும்டா... சாப்பிட்டியா?"